வீங்கின காலுக்கு ஒரு பூட்ஸ்

இன்று காலை ஆம்பூரிலிருந்து பெட்டி வந்தது. மூடியைத் தூக்கியதும் பசையும் புதுத் தோலும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. எப்போதும் போலக் கை போனை எடுத்து உன் எண்ணை அழுத்திவிட்டது. "வந்துடுச்சுடி, கிளம்பி வா" என்று சொல்லியும்விட்டேன்.  அந்தப் பக்கம் உன் தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, நான்தான். அக்கா போன் என்கிட்டதான் இருக்குது."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டுப் பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன்னை வாசலிலிருந்து தூக்கிப் போனதை நின்று பார்த்தவள் நான். அப்படியிருந்தும் இப்படி ஆகிறது. போனில் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் இதை ஆரம்பித்திருக்கிறேன்.

ஷூ டிசைன் செய்கிறேன் என்று சொன்னால் விருத்தாசலத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கடை எங்க வச்சிருக்கீங்க?" பள்ளிக்கூடம் முடிந்து பல வருடம் கழித்து நீ என்னைச் சந்தித்தபோது அப்படிக் கேட்கவில்லை. "முதல்ல காலை வரைவியா, ஷூவை வரைவியா?" என்று கேட்டாய். செராமிக் தொழிற்பேட்டையில் உன் அப்பா விட்டுப்போன பொம்மை யூனிட்டை நீ நடத்திக்கொண்டிருந்தாய். எதைச் செய்வதென்றாலும் அதற்கு அச்சு எது என்று யோசிப்பவள் நீ. காலை வரைவதில்லை, கால் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் அச்சு இருக்கும், அதன் மேல்தான் எல்லாம் என்றேன். "அது யாரோட காலு?" என்றாய். யாருடையதும் இல்லை என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பொம்மைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கே உன் காலை அளந்தேன். பெண்களுக்கான மாதிரி ஜோடியை, நான் வரைந்து அனுப்பும் ஆம்பூர் கம்பெனி ஒரே அளவில்தான் தைக்கும். உன் கால் அப்படியே அந்த அளவு. அதற்குப் பிறகு நான் வரைந்த எந்த ஸ்னீக்கரும், எந்த பூட்ஸும் உன் காலில் ஏறாமல் முடிவானதில்லை. காய்ந்துகொண்டிருக்கும் பிள்ளையார்களுக்கும் குதிரைகளுக்கும் நடுவில், களிமண் குழம்பு சிந்திக் கிடக்கும் தரையில் நீ நடந்து காட்டுவாய். போடுவதற்கு முன்னால் ஷூவுக்குள் மூக்கை விட்டு முகர்வாய். "புது வூட்டுக்குள்ள போற மாதிரி இருக்குதுடி" என்பாய். அப்புறம் நடந்துகொண்டே, இங்கே கடிக்கிறது, அங்கே தொளதொளக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவாய். நான் பென்சிலால் ஷூவின் மேலேயே குறித்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளை கேன்வாஸ் ஸ்னீக்கர் வந்தது. ஓரத்தில் நீலக் கோடு. உன் யூனிட்டின் நீல மெருகைப் பார்த்து எடுத்த நிறம். அது உன் காலில் நுழையவில்லை.

இரண்டு பேரும் கம்பெனியைத்தான் திட்டினோம். மாதிரி தைக்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அதே அச்சுதாங்க, சத்தியமா மாத்தல" என்றார். வேறு ஜோடி அனுப்பச் சொன்னோம். அதுவும் நுழையவில்லை. நான் டேப்பை எடுத்து உன் காலைச் சுற்றி அளந்தேன். பழைய அளவைவிட எவ்வளவோ கூடியிருந்தது.

"குண்டாயிட்டடி நீ."

"குண்டானா மூஞ்சும்தானே குண்டாவணும்? காலு மட்டும் எப்படிடி குண்டாவும்?"

சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீ உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் டாக்டரிடம் போனோம். என்ன செய்கிறது என்று அவர் கேட்டதற்கு நீ, "ஒண்ணும் செய்யல டாக்டர், ஷூ நுழையல" என்றாய். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் பெரும்பாலும் நின்றுவிட்டன என்று அவர் மெதுவாகச் சொன்னபோது நீ கோபப்படாமல், அவருக்கு உதவி செய்கிற மாதிரி, "வேற யாரோ ரிப்போர்ட்டைப் பாக்குறீங்க டாக்டர்" என்றாய். அவர் தாளைத் திருப்பி உன் பெயரைக் காட்டினார்.  திரும்பும்போது ஆட்டோவில், டாக்டரிடம் காட்ட எடுத்துப்போன அந்த வெள்ளை ஸ்னீக்கர் உன் மடியில் இருந்தது.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு உன் கால் ஒரு நாளைப் போல ஒரு நாள் இல்லை. டயாலிசிஸுக்கு முந்தின நாள் பன் மாதிரி உப்பும். முடிந்து வந்தால் வற்றிவிடும். உன் தம்பியின் ரப்பர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு அலைந்தாய். உன் அம்மாவின் கிட்னி பொருந்துகிறது, ஆபரேஷன் செய்யலாம் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து வேப்பூரில் இறங்கி பஸ் மாறி வந்த களைப்பு தீர்வதற்குள் எனக்குப் போன் செய்தாய்.

"எனக்கு ஒரு பூட்ஸ் வரைடி. ஆபரேஷனுக்கு அதைப் போட்டுக்கிட்டுதான் போவேன். நோயாளி செருப்பு மாதிரி இருந்துச்சுன்னா தூக்கிக் கடாசிடுவேன்."

வரைந்தேன். முதல் வரைபடத்தில் முன்பக்கம் கயிறு வைத்திருந்தேன். குனிந்து கட்டுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. அடுத்ததில் ஒட்டுப் பட்டை வைத்தேன். அதைப் பிரித்ததும் வந்த சரக்கென்ற சத்தத்தில் உன் முகம் மாறிவிட்டது. "பிரஷர் பாக்குற பட்டை சத்தம்டி இது, வேணாம்" என்றாய். ஷூ டிசைனில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. அப்புறம் வெளிப்பக்கமாக, கணுக்காலிலிருந்து சுண்டுவிரல் வரை வளைந்து இறங்கும் ஒரு ஜிப்பை வரைந்தேன். ஜிப்பைத் திறந்தால் உள்ளே மெல்லிய தோலில் மடிப்புகள். வீக்கம் இருந்தால் விரியும், இல்லாவிட்டால் மடிந்துகொள்ளும். "புடவைக் கொசுவமாட்டம்" என்று சொல்லி நீ அதில் விரலை ஓட்டினாய், வெறும் தாளில்.

ஆனால் மடிப்பு எவ்வளவு விரிய வேண்டும்? அதற்கு என் பிளாஸ்டிக் அச்சு உதவவில்லை. நீதான் பொம்மைக்கு அச்சு எடுக்கிற பிளாஸ்டரைக் கரைத்துக்கொண்டு வந்தாய். டயாலிசிஸுக்கு முந்தின நாள் ஒரு கால், மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்ததும் அதே கால் என்று இரண்டு வார்ப்புகள் எடுத்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பெண்ணின் கால் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நீ அசரவில்லை. "இது அக்கா, இது தங்கச்சி" என்று பெயர் வைத்தாய். அந்த இரண்டின் மேலும் காகித ஒட்டு டேப்பைச் சுற்றி, டேப்பின் மேல் கோடு வரைந்து, உரித்துத் தாளில் விரித்து வெட்டி, பழைய துணியில் தைத்து, மறுபடி பிரித்து, மறுபடி தைத்து... உனக்குச் சோர்வாக இருந்த நாட்களில் நீ கட்டிலில் படுத்துக்கொண்டு காலை மட்டும் என்னிடம் நீட்டிவிடுவாய்.

கம்பெனி மேனேஜர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது மருத்துவக் காலணி, நமக்கு வேண்டாம் என்று போனில் சொன்னார். நீ என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாய்.

"சார், நான் நோயாளிதான். ஆனா நோயாளிக்குன்னு கேக்கலையே. சாயங்காலம் பஸ்ஸுல வர்ற பொம்பளைங்க காலைப் பாருங்க சார். துணிக்கடையில நிக்கிறவங்க, டீச்சருங்க, மாசமா இருக்கிறவங்க, எல்லாருக்கும்தான் வீங்குது. ஷூ மட்டும் காலையில இருந்த அளவுலயே இருக்குது."

 "ஒரு மாதிரி ஜோடி போடுங்க, பாக்கலாம்" என்றார் அவர். போனை என்னிடம் கொடுத்துவிட்டு நீ சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாய். முகம் மட்டும் ஜெயித்த முகமாக இருந்தது.

அந்த மாதிரி ஜோடி வந்த அன்று சாயங்காலம் உன் யூனிட் வாசலிலிருந்து மெயின் ரோடுவரை நடந்து போய்த் திரும்பினாய். மறுநாள் டயாலிசிஸ், அதனால் கால் நன்றாக வீங்கியிருந்தது. தேன் நிறத் தோல், வெளிப்பக்கம் நீல மடிப்பு. டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் உன் காலையே பார்த்தார். "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேவிட்டார். "இன்னும் கடைக்கே வரலங்க" என்றாய் நீ. பெருமை தாங்காமல் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். கழற்றும்போது, கணுக்காலில் லேசாக உறுத்துகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். "சரிடி, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது உன் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா... அக்கா போயிட்டாங்கக்கா."

"எங்க? டயாலிசிஸுக்கா? அதுக்குள்ளயா கிளம்பிட்டா?"

"இல்லக்கா."

"பின்ன எங்கடா போனா?"

அவன் அழுத பிறகும் எனக்குப் புரியவில்லை. உன் வீட்டுத் தெருவில் நாற்காலிகள் இறங்குவதைப் பார்த்த பிறகும் புரியவில்லை. தலை வாரிக்கொண்டிருந்தாயாம். சீப்பு கையிலிருந்து விழுந்ததாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றிருக்கும், இப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னாராம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஒருத்திக்கு, முந்தின சாயங்காலம் ரோட்டில் கண்ணடித்த ஒருத்திக்கு, இப்படி நடப்பதுண்டாம்.

உன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். இரண்டு கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. முந்தின நாள் பூட்ஸின் விளிம்பு உறுத்திய இடம்.

"இங்க இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கணும்" என்றேன். சத்தமாக.

அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைமாட்டிலிருந்து உன் அம்மா, "என்னம்மா சொல்ற?" என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். யாரோ என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அந்தத் திருத்தத்தை ஆம்பூருக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு அதற்குள் செய்தி தெரிந்திருந்தது. வேறு எதுவும் பேசாமல், "பஞ்சு வைக்கச் சொல்லிடறேன்மா. இதை இந்த வருஷ டிசைன்ல சேர்த்துட்டோம்" என்றார். அப்படி வைத்துத் தைத்ததுதான் இன்று வந்தது. தொட்டுப் பார்த்தேன். விளிம்பு மெத்தென்று இருக்கிறது. உன் குறை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகத் தயார்.

மதியம் உன் வீட்டுக்குப் போனேன். பெட்டியை எடுத்துப்போகத் தைரியம் வரவில்லை. உன் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்றார்.  நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக எனக்கு இப்படி ஆகிவிட்டது. பஸ்ஸில், கடையில், யாரைப் பார்த்தாலும் கண் முதலில் கணுக்காலுக்குத்தான் போகிறது. போன வாரம் வேப்பூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம், "காலு வீங்கியிருக்குதே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டு அவரைப் பயமுறுத்திவிட்டேன்.

"அம்மா, கொஞ்சம் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வதற்குள் கட்டைவிரலால் அவர் கணுக்காலை அழுத்தினேன். வீக்கம் இருந்தால் விழும் குழி விழவில்லை. அடுத்த காலையும் அழுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீண்ட இரண்டாவது விரல், மேடேறிய புறங்கால், உள்பக்கம் சாய்ந்த சுண்டுவிரல். உன் காலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அது என் முன்னால் இருந்தது, உயிரோடு.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் உன் அம்மா. "அவளுக்குக் குடுக்கணும்னு தலையிலேர்ந்து காலு வரைக்கும் பாத்துட்டாங்களே. ரெண்டும் நல்லாதான் இருக்குதாம்."

நான் கையை எடுக்கவில்லை. அவரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வெயில் சுவர் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அந்தக் காலின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.