தம்பி கேட்ட ஒரு வார்த்தை

நவம்பர் 11, செவ்வாய் இரவு

தம்பி குமரன் இன்று ஒரு வார்த்தைதான் கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை.

விண்கல எஞ்சின் செய்யும் புதுக் கம்பெனி ஒன்று அவனைப் பெங்களூருக்கு அழைக்கிறது. அணுக்கரு இணைவைச் சேர்த்து எஞ்சினின் உந்துவிசையைப் பல மடங்கு கூட்டிவிட்டார்களாம். போவதென்றால் இங்கே இருக்கும் நிரந்தர வேலையை நாளை விட வேண்டும். மாலையில் குருசுக்குப்பம் கடலோரம் உட்கார்ந்து அவர்களின் அறிக்கையைப் போனில் காட்டினான்.

"நீ இயற்பியல் படிச்சவ. நல்லாருக்குன்னு சொல்லு, போதும்."

முழுதும் படித்தேன். இணைவு நடந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் நியூட்ரான்களைக் காட்டுகிறார்கள். அதனால் எஞ்சின் கூடுதலாகத் தள்ளியதென்று எங்கும் காட்டவில்லை.

"தீக்குச்சி கிழிச்சாங்க, பொறி வந்துச்சு, சரி. அதுல சோறு வெந்துச்சான்னு சொல்லலையேடா."

"பொண்ணு பாக்க வந்தவன்கிட்டயே சம்பளச் சீட்டு கேட்டவதான நீ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. வண்டியில் திரும்பும்போது வேகத்தடை வந்த இடத்தில் மட்டும், "புடிச்சுக்கோ" என்றான்.

நான் சொன்னது தவறாகவும் இருக்கலாம். அளந்துவிட்டு வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ என்னவோ. அறிக்கையைக் காட்டும்போது, எத்தனை நாள் கழித்து அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் பார்த்தேன்.

கதவைத் தட்டுகிறான்.

"அக்கா, தூங்கிட்டியா? இணைவு இல்லாம எவ்ளோ தள்ளுது, இணைவோட எவ்ளோ தள்ளுது, ரெண்டையும் அளந்தீங்களான்னு அவங்களுக்கு எழுதியிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி வந்து பாரேன்."

இந்தக் கேள்வியை நான் சொல்லித்தரவில்லை. போகிறேன்.