செவலைக்கு யார் கண் திறப்பது?

பாசமுள்ள ஐலா அக்கா,

உங்களை அடக்கம் செய்தாயிற்று என்று உங்கள் மகள் போனில் சொன்னாள். அழுதேன். அழுது முடித்ததும், வழக்கம்போலக் கேள்விகள்தான் வந்தன. இனி யாரிடம் கேட்பேன்?

பின்லாந்திலிருந்து மீனாட்சிபுரத்துக்கு வந்து, "ஆடு மாட்டைச் சிலையாகச் செய்வது என் தொழில்" என்றீர்கள். ஊரே சிரித்தது. நீங்கள் படம் வரையவில்லை, அளவெடுக்கவில்லை. எங்கள் செவலைப் பசுவின் விலாவில் கன்னத்தை ஒட்டிக் கண்ணை மூடி நிற்பீர்கள். பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள், "ஏனுங்க, அம்மணி நின்னுட்டே தூங்குதுங்களா?" என்று என்னைக் கேட்பார்கள்.

கட்டுத்தறி ஓரத்தில் சிமெண்டுச் செவலை எழுந்தது. கண் மட்டும் இல்லை. கேட்டதற்கு உங்கள் அரைகுறைத் தமிழில், "செவலை என்னைப் பாக்கலை. பாக்காம கண் வெக்க மாட்டேன்" என்றீர்கள். ஊருக்கு அது புரியவில்லை. நல்ல நாள் பார்த்துக் கண் திறக்கத்தான் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று சிலையின் முகத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டார்கள்! நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று இத்தனை நாளும் அதை அவிழ்க்கவில்லை.

இப்போது என் வீட்டுக்காரர், "செஞ்சவங்களே போயிட்டாங்க. இனி யாரு புள்ள கண்ணு தெறக்கறது? கண்ணில்லாத செலை ஊட்டுக்கு ஆகாது, ஒடைச்சிரலாம்" என்கிறார்.

"கை வெச்சுப் பாருங்க, அப்பறம் தெரியும்!" என்று கத்திவிட்டேன். மாட்டுப்பொங்கல் வரை விட்டுவைக்கச் சம்மதித்திருக்கிறார்.

நேற்று உங்கள் மகள் ஒரு படம் அனுப்பினாள். நீங்கள் கடைசியாகச் செய்ததாம். மரத்தில் செதுக்கிய எங்கள் செவலை! கழுத்தைத் திருப்பித் தன் விலாப்பக்கம் பார்க்கிறது. கண் இருக்கிறது அக்கா!

நீங்கள் கிளம்பிய காலையில் செவலை அப்படித்தான் திரும்பி உங்களைப் பார்த்தது. நான் பார்த்தேன். நீங்கள் அதன் விலாவில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தீர்கள். பஸ் வந்துவிட்ட அவசரத்தில் நானும் சொல்லவில்லை. பின்னே எப்படித் தெரிந்தது உங்களுக்கு?

இன்று பால் கறந்ததும் நானும் அதன் விலாவில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தோல் இழுபட்டது, விலா மெல்ல வளைந்தது. கண்ணைத் திறந்தால், செவலை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அட, கன்னத்தில்தான் தெரிந்ததா உங்களுக்கு!

மாட்டுப்பொங்கலன்று துணியை நானே அவிழ்த்துக் கண் திறக்கிறேன். சிமெண்டுக் கழுத்து திரும்பாது. கருவிழியையாவது நீங்கள் நின்ற பக்கமாக ஒதுக்கி வைக்கிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
மீனாட்சிபுரம் சரசு