ஒரு தாள் கனமுள்ள கறுப்பு

3 பிப்ரவரி 1946, ஞாயிறு

மூன்றரை வருடம் கழித்து இன்று முதலாளியின் கார் பஞ்சுக் கிட்டங்கியிலிருந்து வெளியே வந்தது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்ட கார். ஏழு பேர் தள்ளினார்கள். டிரைவரான என் அப்பா மட்டும் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கறுப்புக் கார் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். வந்ததோ அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனாலும் அந்த வளைவுகள்! இரும்பை இப்படி யார் வளைத்தார்கள்?

பருத்தி அரவை மில்லின் முதலாளி சௌந்தரபாண்டியன் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் முகம் சுளித்தார். “மெட்ராஸ் போயிட்டுப் பதினேழாந்தேதி வாரேன், ரங்கராஜு. அதுக்குள்ள நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்கிட்டா வச்சுக்கிறேன். இல்லேன்னா மதுரையில வித்துருவேன்.”

கார் போனால் அப்பாவின் வேலையும் போகும். வீட்டில் தறி இருக்கிறது, நூல் இல்லை. ரேஷன் நூல் வந்து இரண்டு மாதமாகிறது.

4 பிப்ரவரி, திங்கள்

எப்படி எழுதுவேன்?

பள்ளி விட்டதும் முதலாளி வீட்டுக்கு ஓடினேன். அங்கே பாத்திரம் தேய்க்கும் மூக்கம்மாள் அக்கா, “வெங்கலக் குத்துவிளக்கே மின்னுது, இந்த இரும்பு மின்னாதா தாயி?” என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. அப்பா வருவதற்குள் அசத்திவிடலாம் என்று இரண்டு பேரும் முன் மட்கார்டைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தோம். தண்ணீர் ஊற்றியதும் — ஐயோ, என்ன கறுப்பு! மூக்கம்மாள் கைதட்டினாள். ஈரம் காய்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு நூறு கீறல்கள், பூனை பிராண்டியது போல.

அப்பா அடிக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்திருக்கலாம்.

6 பிப்ரவரி, புதன்

அப்பா மதுரைக்குப் போய் இரண்டு டின் பாலிஷ் பசை வாங்கி வந்தார். ஒன்று முரடு, ஒன்று நைஸ். கூடவே மெழுகு டப்பா ஒன்று. இங்கிலீஷில் ஒரு துண்டுத்தாளும் இருந்தது. “மூணாம் பாரம் படிக்கிறேல்ல, வாசி” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான், இரண்டு நாள் கழித்து.

அகராதியை வைத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்தேன். படித்தபோது உடம்பு சிலிர்த்தது. காரை மூடியிருக்கும் பெயிண்ட் மொத்தமே ஒரு தாள் கனம்தானாம்! பசை பளபளப்பைக் கொண்டுவந்து பூசுவதில்லை. செத்த மேல்தோலைத் தேய்த்துக் கழிக்கிறது. அடியில் இருக்கும் உயிருள்ள கறுப்பு மேலே வருகிறது. கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது. மெழுகு மட்டும் எதையும் எடுக்காமல் மேலே காவல் நிற்குமாம்.

இத்தனை மெல்லிய ஒன்றின் மீதா செங்கல்லைப் போட்டேன்?

9 பிப்ரவரி, சனி

காலையிலேயே தகராறு. கடைக்காரர் முரட்டு டின்னால் தேய்த்தால் ஒரே நாளில் முடியும் என்றாராம். “கீறல் ஆழமா இருக்கு, சுப்பு. முரடுதான் பிடிக்கும்” என்றார் அப்பா. தாளில் நைஸிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறது என்றேன். அது போதவில்லை என்றால்தான் முரடு, அதுவும் முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். “வெள்ளைக்காரன் நம்ம வெயிலப் பார்த்தானா?” என்றார். பார்த்திருக்கிறான், நிழலில் வைத்துத் தேய்க்கவேண்டும், தகடு சூடாக இருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறான் என்றேன். அப்பா சிரித்துவிட்டார்! பசையில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததால் பீடியையும் தூர எறியவைத்தேன்.

முதலில் நாலு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினோம். மூன்றரை வருடத்துப் புழுதி. அதன் மேல் தேய்த்தால் புழுதியே கீறும். பிறகு பின்பக்கம் நம்பர் பலகைக்குக் கீழே ஓரணாக் காசு அகலத்தில் அப்பா நைஸ் பசையைத் தொட்டுத் தேய்த்தார். துணி கறுத்தது. அப்பா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “பெயிண்டு வருதே!” வரும் என்றுதான் படித்தேன், ஆனாலும் பார்ப்பது வேறு. சுத்தமான துணியால் துடைத்தார்.

கிணற்றை எட்டிப் பார்த்தது போல் இருந்தது. அந்த ஓரணா வட்டத்துக்குள் வானம், வேப்பங்கிளை, என் ஒரு கண். இவ்வளவும் அந்தச் சாம்பலுக்குள் மூன்றரை வருடம் இருந்ததா?

நைஸே போதும் என்றார் அப்பா.

10 பிப்ரவரி, ஞாயிறு

கதவில் மெல்லிய புதுக் கோடுகள். பசை சரி, கை சரி, பின் எதனால்? சோறு கொண்டுவந்த அம்மா தேய்க்கும் துணியை இரண்டு விரலால் தொட்டதும் கண்டுபிடித்துவிட்டாள். நம் தறியிலிருந்து அறுத்த புதுத்துணி அது. “கஞ்சி இன்னும் போகல. காய்ஞ்ச கஞ்சி மணல் மாதிரி அறுக்குமே! தறியில பொறந்த மனுசன், ஸ்டியரிங்கப் பிடிச்சதும் கை மரத்துப் போச்சாக்கும்?”

வெந்நீரில் அலசி அலசிப் பூப்போல் ஆன தன் பழைய சேலையை அம்மா கிழித்துக் கொடுத்தாள். கோடுகள் மறைந்தன. அச்சடித்த தாளில் அது இல்லை.

12 பிப்ரவரி, செவ்வாய்

கை வலி. இரண்டு கதவு முடிந்தது. பருந்து ஒன்று கதவுக்குள் பறந்து போயிற்று.

15 பிப்ரவரி, வெள்ளி

மட்கார்டு. விளிம்பில் பெயிண்ட் இன்னும் மெல்லியது என்கிறது தாள். அப்பாவின் கை கனம். அம்மாதான் செய்தாள், தறிக்குப் போகும் பாவு நூலில் பிரஷ் ஓட்டுகிற அதே கை, நேராக, பாரமே இல்லாமல். நான் மூச்சுவிடக்கூட பயந்தேன். கீறல்கள் ஒவ்வொன்றாகப் போயின. மூன்று மட்டும் போகவில்லை. “இன்னும் நாலு இழுப்பு” என்றார் அப்பா. அம்மா துணியை வைத்துவிட்டாள். “போதும். அடி தெரியப்போகுது.”

பிறகு மெழுகு.

17 பிப்ரவரி, ஞாயிறு

முதலாளி கதவருகே நின்று மீசையைச் சரிசெய்தார். கண்ணாடியில் பார்ப்பது போல! “வித்தைக்காரன்யா நீ” என்றார். பிறகு மட்கார்டுக்கு வந்தார்.

“இது என்ன?”

“நான்தான் ஐயா கீறினேன்” என்றேன்.

“புள்ள தெரியாம செஞ்சது. இதையும் தேய்ச்சு எடுத்துரு, ரங்கராஜு. புதன்கிழமை கலெக்டரு வாராக.”

“வேண்டாங்கய்யா. இனிமே தேய்ச்சா அடியில இருக்கிற செவப்புப் பூச்சு தெரிஞ்சிரும்.”

“காரு என்னுதா, ஒன்னுதா?”

“காரு உங்களுது. கை என்னுதுங்கய்யா.”

அப்பா அவரிடம் மறுத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. முதலாளி கையை நீட்டினார். அப்பா சாவியை வைத்தார்.

18 பிப்ரவரி, திங்கள்

அப்பா வீட்டில் இருக்கிறார். தாளில் சொன்னது தப்பாக இருந்தால்? நான் தப்பாகப் படித்திருந்தால்?

20 பிப்ரவரி, புதன்

மூக்கம்மாள் அக்கா மூச்சிரைக்க வந்தாள். விருதுநகரிலிருந்து ஒரு ஆள் முரட்டுப் பசையோடு வந்தானாம். “கீறல் போயிருச்சு தாயி. கறுப்பும் சேர்ந்து போயிருச்சு! கலெக்டரு அதைத்தான் மொதல்ல பார்த்தாக.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த இடத்தில் இனிமேல் வானம் தெரியாது.

24 பிப்ரவரி, ஞாயிறு

இன்று எங்கள் தெருவுக்குள் கார் வந்தது. முதலாளியே ஓட்டி வந்தார், வாய்க்காலில் ஒரு சக்கரத்தை விட்டு. அப்பா மட்கார்டின் முன் குனிந்து, சிவந்த விளிம்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“மெழுகு மட்டுந்தான் போடுவேன்” என்றார்.

“ஒன் இஷ்டம்” என்றார் முதலாளி. வலப்பக்கத்து டிரைவர் இருக்கையை விட்டு இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

முந்தாநாள்தான் ரேஷன் நூல் வந்திருந்தது, தெரு நெடுகப் பாவு நீட்டியிருந்தார்கள். கார் மெல்ல நகர்ந்தபோது நூறு நூறு வெள்ளை இழைகள் கறுப்புக் கதவுக்குள் ஓடின. ஒன்றுகூட அறவில்லை.