ஏழாவது பதிவு

உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. உங்கள் சரோஜா வீட்டுக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுவந்தபோது அதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஓடினால் அது சூடாகிறது, லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது. இன்று காலை அந்த வாசனை எழுந்ததும் நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பிளக்கில் கை வைத்தபடி நிற்பதாகத் தோன்றியது. அறையில் யாரும் இல்லை.

நம் வேலையை வெளியாளுக்கு விளக்க நான் எப்போதும் திணறுவேன். நீங்கள் ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள். "எழுதிக்கினு இருக்கும்போதே கரண்டைப் புடுங்குவோம். திரும்பப் போட்டு, எது பொழைச்சுதுன்னு பாப்போம்." உண்மையில் அவ்வளவுதான் வேலை. டிஸ்க்கில் ஃபைல்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்துவது. மீண்டும் மெஷின் எழுந்ததும், ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டம் தன்னைத் தானே நேராக்கிக்கொள்கிறதா என்று பார்ப்பது. பெங்களூர் ஹெப்பகோடியில் ஜன்னல் இல்லாத அந்த லேபில் நம் ஆயுளில் பாதி இப்படித்தான் போயிற்று.

புதிதாக வந்த மேனேஜர் ஒருமுறை கேட்டார். "சாஃப்ட்வேர்லயே ரீசெட் பண்ணிடலாமே சார், எதுக்கு ஒயரைப் புடுங்குறீங்க?"

"நிஜத்துல கரண்ட் போறப்ப உங்களைக் கேட்டுட்டா சார் போவுது?" என்றீர்கள்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் பிளக்கை இழுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோள்பட்டை தூக்கிப்போடும். அது உங்களுக்குத் தெரியும். "என்னய்யா, உன் உசுரையா புடுங்குறேன்?" என்பீர்கள். பிறகு, வேண்டுமென்றே, எனக்குச் சொல்லாமல் இன்னொரு முறை பிடுங்குவீர்கள்.

நான் உங்களைக் கடைசிவரை 'நீங்க' என்றேன். நீங்கள் என்னை 'யோவ்' என்றீர்கள். "நீங்க வாங்கன்னு, இது இன்னா கல்யாண வீடா?" என்று எத்தனையோ தடவை கேலி செய்தீர்கள். மாற்றிக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. இந்த மடலிலும் வரவில்லை.

சோதனை முடிந்ததும் சரிபார்க்கும் புரோகிராமை ஓட்டுவோம். அது பார்ப்பதெல்லாம் ஃபைலின் பெயர், அளவு, தேதி, டிஸ்க்கில் அது எங்கே கிடக்கிறது என்ற விவரம். மெட்டாடேட்டா என்று நாம் சொல்வது அதைத்தான். இந்த விவரங்கள் ஒன்றோடொன்று இடிக்கவில்லை என்றால் 'பழுதில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஃபைலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. ஒரு ரிப்போர்ட்டில் நான் 'எல்லாம் சரி' என்று எழுதியிருந்ததை நீங்கள் அடித்தீர்கள். "'சரி'ன்னு எழுதாதய்யா. 'முரண் இல்ல'ன்னு எழுது. ரெண்டும் வேற."

உள்ளடக்கத்தைச் சோதிக்க நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். சோதனை ஃபைல்களில் மற்றவர்கள் கண்டதையும் கொட்டுவார்கள். நீங்கள் ஒவ்வொரு சின்னத் துண்டுக்குள்ளும் அது எந்த ஃபைலைச் சேர்ந்தது, எத்தனையாவது துண்டு என்பதை எழுதிவிடுவீர்கள். பெயர்ப்பட்டியல் மொத்தமும் அழிந்தாலும், அனாதையாகக் கிடக்கும் துண்டை எடுத்துப் பார்த்தால் அதுவே தன் ஊரையும் பேரையும் சொல்லிவிடும். இந்தப் பழக்கம் ஸ்ரீராம்புரத்தில் உங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் போயிருந்தது. பருப்பு டப்பாவின் மூடியிலும் ஒரு சீட்டு, டப்பாவிலும் ஒரு சீட்டு. மூடி மாறிவிட்டால் என்ன செய்வது என்பது உங்கள் கவலை. "இந்த மனுஷன் ஒரு நாள் என் நெத்தியிலயும் சீட்டு ஒட்டிடுவாரு, பாருங்கண்ணா," என்று சரோஜா என்னிடம் முறையிட்டார். "தொலைஞ்சு போனா எவனாவது கொண்டாந்து வுடணும்ல?" என்றீர்கள் நீங்கள்.

பிறகு உங்கள் தொண்டையில் அது வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு நீங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரோஜாவுக்காகப் பேசிப் பதிந்தீர்கள். ஏழு பதிவுகள். எனக்கு அது அப்போது தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் வந்து உட்காருவேன். உங்களால் பேச முடியாது. எனக்கோ என்றைக்குமே பேச வராது. கழுத்தில் சுற்றிய துணி மூச்சுக்கு மூச்சு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். தைரியமாக நாலு வார்த்தை சொல்லக்கூடிய நண்பர் உங்களுக்கு அமைந்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வேன்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து சரோஜா போன் செய்தார். எடுத்தவுடன் அழுகைதான்.

"அண்ணா, அவரு பேசுனதெல்லாம் போயிடுச்சு. நானே அழிச்சுட்டேன்."

தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டராயிற்றே, பதிவுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி, ஏழையும் அதற்கு மாற்றியிருக்கிறார். நகல் எடுக்கவில்லை, அப்படியே மாற்றிவிட்டார். மாற்றி முடிந்ததாகத் திரையில் வந்த மறுநொடி தெருவில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் பார்த்தால் புது டிஸ்க்கில் ஏழு ஃபைலும் இருக்கின்றன. பெயர் சரி, அளவு சரி, தேதி சரி. போட்டால் சத்தமே இல்லை.

"மெயின் ரோட் கடைக்காரன் செக் பண்ணிட்டு, 'டிஸ்க் க்ளீனா இருக்கு மேடம், ஒண்ணும் எரர் இல்ல'ங்கிறான். எரர் இல்லன்னா அவர் குரல் எங்கண்ணா?"

நீங்கள் அடித்துத் திருத்திய ரிப்போர்ட் கண்முன் நின்றது. பெயர்கள் புது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பேச்சு வழியிலேயே நின்றுவிட்டது. பழைய டிஸ்க்கில் பெயர்கள் அழிந்துவிட்டன. பேச்சு மட்டும் பெயரில்லாமல் எங்கோ சிதறிக் கிடக்கலாம். "அந்தக் கம்ப்யூட்டரை இனிமே ஆன் பண்ணாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். நடந்ததிலிருந்து பல தடவை போட்டுப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஒவ்வொரு முறை போடும்போதும் அது காலி என்று நினைக்கும் இடத்தில் வேறெதையாவது எழுதும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் கைவைத்தேன். ஒலி போலத் தெரிந்த துண்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீங்கள் சுருக்காத வடிவத்தில் பதிந்திருந்ததால் சின்னத் துண்டும் காதில் விழுந்தது. ஆனால் எது எதற்குப் பின்னால் வரும்? என் காதையும் நான் நம்பவில்லை. கைவிட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டில் உங்கள் கரகரத்த குரல் எழுந்தது.

"மூணாவது பதிவு, ரெண்டாவது நிமிசம். சரோ, மோட்டாரைப் போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்துடாத. டேங்க் வழிஞ்சா எதிர்வூட்டுக்காரி கன்னடத்துல ஒரு ராகம் பாடுவா."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். பேச்சை நடுவில் நிறுத்தி நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனையாவது பதிவு, எத்தனையாவது நிமிடம் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறீர்கள். மனைவியிடம் விடைபெறும்போதும் துண்டுக்குத் துண்டு பெயர் எழுதிவைத்த ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதன் பிறகு எனக்கு வேலை தெரிந்துவிட்டது. ஐந்தாவது பதிவில் என்னைப் பற்றியும் இருந்தது. "எதுனா கெட்டுப்போனா அந்தாளைக் கூப்புடு. பயப்படுவான். ஆனா ஒண்ணையும் வுடாம பாப்பான்."

ஆறு பதிவுகளை ஏறக்குறைய முழுதாகச் சேர்த்தேன். எங்கும் சேராத ஓர் இருமல் மிஞ்சியது. எந்தப் பதிவுடையது என்று தெரியாததால் தனியாக வைத்திருக்கிறேன். ஏழாவதில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. மூன்று முறை முதலிலிருந்து தேடினேன். அது இருந்த இடத்தின் மேல் வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது.

இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. சரோஜா வந்து, ஆறையும் கேட்டு, மோட்டார் பேச்சுக்கு அழுகையோடு சிரித்தார். அவர் மனம் நிறைந்த மாதிரி இருந்தது. அத்தோடு எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ரிப்போர்ட்டில் நீங்கள் அடித்த கோடு நினைவுக்கு வந்தது.

"ஏழாவது கிடைக்கலம்மா. பேரு இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல."

"நான் திரும்பத் திரும்ப ஆன் பண்ணேனே, அதனாலயா?"

"இருக்கலாம். கரண்ட் போனப்பவே போயிருக்கவும் கூடும். எனக்குத் தெரியலம்மா."

ஏழாவதில் நீங்கள் என்ன சொல்லியிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவரே, "அதையும் போடுங்கண்ணா" என்றார்.

புது டிஸ்க்கிலிருந்த வெற்று ஃபைலைப் போட்டேன். திரையில் கோடு நகர்ந்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. முதல் நிமிடம் கடந்தபோது சரோஜா, கண்ணை மூடியபடி, உதடு மட்டும் அசைய, "ஏழாவது பதிவு, ரெண்டாவது நிமிசம்" என்றார். அடுத்த நிமிடத்திலும் சொன்னார். கோடு கடைசிவரை போய் நிற்கும்வரை ஒரு நிமிடத்தையும் அவர் விடவில்லை. எனக்கு முன்னால் திரை மங்கிக்கொண்டே போனது.

அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. சரிபார்க்கும் புரோகிராம் அதைப் பழுதில்லை என்றே இன்றும் சொல்கிறது. பக்கத்தில் 'முரண் இல்லை. உள்ளே குரல் இல்லை' என்று எழுதிவைத்திருக்கிறேன். இதை 'சரி' என்று எழுத இனி என் கை வராது.

இந்த மடலைத் தாளில்தான் எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று பலமாக இருக்கிறது. ஒவ்வொரு தாளின் தலையிலும் உங்களுக்கு என்றும், எத்தனையாவது தாள் என்றும் குறித்திருக்கிறேன்.