அதே நாய், ஐந்து சட்டைகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அதே நாய்தான். நீ கவனித்தது சரி. அப்பாவின் ஐந்து படங்களிலும் அது கோவில் மதிலோரம் அதே மூலையில், அதே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறது. ஐந்தும் ஒரே காலையில் எடுத்தவை.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. அப்பாவின் தோளில் துணிப்பை. தண்ணீர் பாட்டில் என்று நினைத்தேன். மலை உச்சிக்குப் போனதும் அதிலிருந்து நான்கு சட்டைகளை எடுத்தார், இஸ்திரி மடிப்போடு. போட்டிருந்ததோடு சேர்த்து ஐந்து. மதிலுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வருவார், நிற்பார், சிரிப்பார். ஒவ்வொரு பொத்தானுக்கும் மூச்சு வாங்கியது. "இனிமே ஏற முடியுமோ என்னவோ. மாசத்துக்கு ஒண்ணா பெரியவனுக்கு அனுப்பு. அங்கேயே தங்கறதுக்கான பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் அவன் காதுல எதையும் போட்டுடாதே" என்றார். மூன்றாவது சட்டையின்போது திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு எடுத்தேன். அந்தப் படம் மட்டும் கலங்கலாக இருக்கும். நாயைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை.

ஆறாவது சட்டை ஏன் இல்லை என்றும் அன்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாமல் டாக்டரை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

கல்குவாரித் தூசி. மலையின் பின்பக்கம் இருபத்தாறு வருடம் துளைபோடும் எந்திரத்தோடு நின்றாரே, அதுதான். நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதாம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக. குணப்படுத்த மருந்து இல்லை, திணறலைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "மாசக் கணக்கு வேணாம்மா. வாரக் கணக்கா வச்சுக்குங்க" என்றார். சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது.

அப்பா மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார் என்று உனக்கு எழுதியதெல்லாம் உண்மை. எதுவரை என்று நீ கேட்கவில்லை.

வரைபட அலுவலகத்தில் நாள் முழுக்க உயரங்களைச் சரிபார்க்கிறவள் நான். பழக்கதோஷம். அவர் திரும்பிய இடங்களைக் குறித்துவைத்திருக்கிறேன். உச்சி, முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அடுத்த மாதம் தண்ணீர்த் தொட்டி, நூற்றெண்பது. பிறகு படிக்கட்டிலிருந்து நடைபாதை பிரியும் வளைவு, தொண்ணூறு. பிறகு பதினோரு படி. போன ஞாயிறு அடிவாரத்தில் செருப்பு விடும் இடம். அதற்கு உயரம் போடவில்லை.

அங்கே செருப்புகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அப்பா செருப்பைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டார். ஏறப்போவதில்லையே, எதற்கு டோக்கன் என்று நான் கேட்டிருக்கக்கூடாது. "வந்தவர் வந்தவர்தான். நீ போம்மா, நான் பாத்துக்கறேன், செருப்பையும் சேத்து" என்று அந்த அக்கா என்னை விரட்டினார்.

நான் நடைபாதை வழியாகத் தனியே ஏறி இறங்கினேன். நகரத்திலிருந்து வருகிற பிள்ளைகள் நிறையப் பேர், கையில் ஊன்றுகோலோடு. "மலை ஏற ரெண்டு கால் பத்தலையாம், ரெண்டு குச்சி வேற" என்று அப்பா அக்காவிடம் கிண்டலடித்திருக்கிறார். ஆனால் அவர்கள் இறங்கி வரும்போது ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே கேள்வி: "மேல காத்து எப்படி?" ஒருத்தி "செம காத்து அங்கிள்" என்றாளாம். வீடு வரும்வரை அதை என்னிடம் நாலு தடவை சொன்னார்.

உன்னிடம் வாயால் சொல்லிவிடத்தான் பார்த்தேன். என் போனை வாங்கி நாம் எழுதிக்கொள்வதை ஒரு வரி விடாமல் படிக்கிறார் என்பதால், அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும், அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தாள். விரைவுத் தபாலில் ஐந்து நாள் என்கிறார்கள்.

நடுவில் கிளம்பி வந்தால் விண்ணப்பம் செல்லாது, திரும்ப உள்ளே விடமாட்டார்கள், ஏழு வருடமும் வீண் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராதே என்றும் எழுத வரவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்தேன். நீ எதைச் செய்தாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இது எழுதுவதற்குச் சுலபமான வாக்கியம் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் செய். இனி கூப்பிடும்போது அவரிடம் படம் கேட்காதே. பேச்சின் நடுவில் அவர் நிறுத்தினால், லைன் போய்விட்டதா என்று கேட்காதே. அவசரப்பட்டு அந்த வாக்கியத்தை நீ முடிக்காதே. காத்திரு. மீதியை அவரே சொல்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் ஒருவராவது.

அன்புடன்,
உன் தங்கை

எழுதி முடித்த அன்று காலையே கடிதத்தை விரைவுத் தபாலில் சேர்த்தாள். அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போய், அப்பாவோடு இருக்க விடுப்புக் கேட்டாள். மாதக் கடைசிவரை போதுமா என்று மேலாளர் கேட்டார். போதும் என்றாள்.