மெர்சிங்கில் நீ பெய்ய வைத்த மழை

என் செல்லத் தங்கச்சி மாலதிக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. மெர்சிங் கடற்கரையில் எடுத்த நம் படம் திரைக்கு வந்துவிட்டது.

நீ மருத்துவமனைக்குப் போனபோது படகுத்துறைக் காட்சியில் கடைசி ஷாட் மட்டும் பாதியில் நின்றது. உன் காரியம் முடிந்த மறுவாரமே இயக்குநர் ஸ்கூடாயில் நம் ஸ்டூடியோவுக்கு வந்தார். "வேற வழியில்ல லா. சீனையே வெட்டிடுங்க," என்றார். எனக்குத் தெரிந்தது எடிட்டிங்தான். கணினியில் மழை பெய்ய வைப்பது உன் வேலை. ஆனாலும், "ஒரு வாரம் கொடுங்க சார்," என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

உன் கோப்பைத் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லேயர்களுக்கெல்லாம் தமிழில் பேர் வைத்திருந்தாய்: தூரத்து மழை, நடு மழை, கிட்ட மழை. கறுப்புப் பின்னணியில் எடுத்த மழையை 'ஸ்கிரீன்' முறையில் காட்சியின் மேல் வைத்திருந்தாய். கறுப்பு மறைந்து துளிகள் மட்டும் தெரிந்தன. படகின் கூரைக்குக் கீழே துளி விழாதபடி மாஸ்க் வரைந்திருந்தாய். அத்தனை ஃபிரேமையும் காய்ச்சலோடா வரைந்தாய்?

படகுத்துறையின் நனைந்த பலகையில், அங்கே நிற்கும் மீனவரின் பிம்பம் தெரிய வேண்டும். அதுதான் பாக்கி. அவர் உருவத்தைத் தலைகீழாக்கி, மங்கலாக்கி வைத்தேன். கண்ணாடிமேல் நிற்பது போலிருந்தது. நீ முடித்திருந்த ஷாட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பலகையின் வரிகளுக்கு ஏற்பப் பிம்பத்தை நெளிய விட்டிருந்தாய். அந்த எஃபெக்டை எடுத்து இங்கே போட்டேன். பலகை நனைந்தது. அழுதுவிட்டேன், மாலு.

இயக்குநர் பார்த்துவிட்டு, "முடிச்சது நீங்கதானே? உங்க பேரையே போட்டுடலாம்," என்றார்.

"இல்ல சார், மழை அவளோடது. அவ பேருதான் வரணும். இல்லன்னா சீனைத் தர மாட்டேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தலையாட்டினார்.

போன சனிக்கிழமை கூலாய் தியேட்டரில் முதல் காட்சி. படகுத்துறை வந்ததும் அம்மா என் கையைத் தட்டி, "அலமாக், இப்படிப் பேஞ்சிருக்கே! எல்லாரும் நனைஞ்சிருப்பாங்க," என்றாள்.

"அன்னைக்கு நல்ல வெயிலும்மா. மழை முழுக்க நம்ம மாலதி செஞ்சது."

 படம் முடிந்து உன் பெயர் திரையில் வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர், "உக்காருங்க ஆன்ட்டி," என்றார்.

"எம் மக பேரு," என்றாள், திரும்பாமலே. அது மேலே போய் மறையும்வரை உட்காரவில்லை.

நானும் இப்போது மாஸ்க் வரையப் பழகுகிறேன். உன் கை எனக்கு வராது. ஆனால் நம் ஸ்டூடியோவிலிருந்து போகும் காட்சியைப் பார்த்து, இது ஒட்ட வைத்தது என்று ஒருவரும் சொல்லும்படி விடமாட்டேன்.

உன்னைப் பெற்றவளுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டிய,
உன் அக்கா சுமதி