சேலுக்குப் போகும் கார்கள்

ஜூன் 16, திங்கள்
விடியவே மழை. என் மனுசனுக்குக் கஞ்சி, சீப்பு, இரண்டு சாரம், துவாய். களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் தெஹிவளையில் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் பெரிய லொறி, இரண்டு தட்டாக ஜப்பான் கார்கள். இவரின் முதலாளி ஃபலீல் நானா கார் விற்கிற சேலுக்கு. இவர் இருபது வருஷமாகத் துறைமுகத்திலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டி வந்து கொடுத்த அதே சேல். இப்போது லொறியிலிருந்து பெட்டி மாதிரி இறக்குகிறார்கள். பார்க்கவே எரிச்சல்.

இவருக்குப் பாரிசவாதம் வந்து மூன்று கிழமை. ஒரு சொல் இல்லை. "என்னப்பா, நான் ஆர்? சொல்லுங்கோ." கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

ஜூன் 18, புதன்
மழை. தலையிடி. உடுப்பு ஒன்றும் காயவில்லை.

அந்த ஜப்பான் கார்கள். எங்களுக்கென்று ஒருநாளும் கார் இருந்ததில்லை, ஆனால் நான் ஏறாத கார் இல்லை. துறைமுகத்தில் எடுத்துக்கொண்டு கொச்சிக்கடைப் பக்கமிருந்து வரும்போது எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை முகப்பில் இரண்டு ஹோர்ன். அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஓடுவேன். சீற்றில் பொலித்தீன் சரசரக்கும். முன்பு ஓட்டிய யாரோ ஜப்பான்காரனின் சிகரெட் மணம். ஸ்டார்ட் பண்ணினால் காருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அவர்களின் பாஷையில் ஏதோ சொல்லும். இவருக்கு அது மச்சாள். "மச்சாள் என்ன சொல்லுறாள் தெரியுமே? நீர் பவுடரைக் கூடப் பூசிட்டீராம்." பெரிய பகிடிதான்!

சேல் வர முதல், பேக்கரியடியில் இறக்கிவிடுவார். "இறங்கும், முதலாளி கண்டால் துலைஞ்சுது." பஸ்ஸில் திரும்பி வருவேன். ஒரு காரில் ஒருதரம்தான். அடுத்த நாள் அது யாருடையதோ.

பிறகு கார் இறக்குமதியை நிற்பாட்டினார்கள். சேலில் புல் முளைத்தது. இவர் வீட்டில். கப்பல் வரட்டும், கப்பல் வரட்டும் என்று அதே கதை. வந்துவிட்டது, பாழாய்ப்போன கப்பல்.

ஜூன் 20, வெள்ளி
லேடி டொக்டர்: "இனி இங்க வச்சிருந்து பிரயோசனமில்லை அம்மா. வீட்ட கொண்டு போய்ப் பாருங்கோ." பேச்சு வருமா என்று கேட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டா. கோயிலுக்குப் போகவில்லை. இனி எதைக் கேட்க?

பின்னேரம் ஃபலீல் நானா ஃபோன். "நாளைக்கி நானே காரெ கொண்டு வாரன் தங்கச்சி. அவர் ஓட்டுற பதம் ஒருத்தனுக்கும் வராது."

ஜூன் 21, சனி
வெயில். நானாவின் சொந்தக் கார், அந்த நாளில் இவரே துறைமுகத்திலிருந்து எடுத்து வந்தது. பின் சீற்றில் இவரைக் கிடத்தி, தலை என் மடியில். ஸ்டார்ட் பண்ண, காரின் மச்சாள் கதைத்தாள். இவரில் ஒரு அசைவும் இல்லை.

சேலைத் தாண்டிப் பேக்கரியடி வர, என் கையைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். குழறல்தான், ஆனாலும் விளங்கியது. "இறங்கும்... முதலாளி... கண்டால்..."

முதலாளி கண்ணாடியில் பார்த்தார். எங்கள் பழைய களவு பிடிபட்ட வெட்கம் எனக்கு. கார் ஓரமாக நின்றது.

"எறங்குங்க தங்கச்சி." நானா திரும்பிப் பார்க்கவில்லை. "நான் ஒண்டும் காணல்ல."

கைப்பையை இவர் தலைக்கு அணையாக வைத்துவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் வந்தேன். ஒழுங்கை முகப்பில் கார் நின்றது. கதவைத் திறந்து, "நான்தானப்பா" என்றேன்.

காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.